தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பண்டிதன் அல்லேன். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகம நூல்களைக் கற்றுத் துறைபோகிய பெரியோர்கள் அமர்ந்துள்ள இந்த அவையில் அந்நூல்களின் உட்பொருளை விளக்க எனக்குத் தகுதியில்லை. ஆயினும், நம் நூல்களில் வரும் ஓர் எண்ணைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன். எண் எல்லார்க்கும் பொது அன்றோ?

அந்த எண் இது: 79228162514264337593543950336. மொத்தம் இருபத்தொன்பது இலக்கங்கள். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்றிய கோம்மடசாரம் என்னும் நூலின் ஜீவகாண்டத்தில், பரியாப்த மனிதர்களின் தொகை இது என்று கூறப்பட்டுள்ளது. சுவேதாம்பர மரபினர் போற்றும் அனுயோகத்துவார சூத்திரத்திலும் மனிதர் தொகையாக, தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்க எண் என்ற விளக்கத்துடன், இதே எண் வருகிறது.

சென்ற ஆண்டு வீட்டில் சுவாத்தியாயம் செய்துகொண்டிருந்தபோது இந்த எண்ணை உரக்கப் படித்தேன். அருகில் இருந்த என் பேத்தி, கல்லூரியில் கணினி அறிவியல் பயில்பவள், உடனே கேட்டாள்: "தாத்தா, இன்று உலக மக்கள் ஏறத்தாழ 800 கோடிப் பேர்தானே? இந்த எண்ணில் உள்ள அத்தனை பேரும் எங்கே நிற்பார்கள்?"

அவள் கேள்வியைக் கேட்டதும் என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ இதே கேள்வியை நான் பதினாறு வயதில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "நற்காட்சிக்கு உரிய எட்டு அங்கங்களில் முதலாவது ஐயமின்மை. நூலில் கண்டதை ஐயுறுவது அந்த அங்கத்திற்குக் குற்றம்" என்று அவர் கூறினார். நான் வாய்மூடினேன். அவர் நல்லவர், என்னைக் கடியவில்லை. ஆனாலும் அதன் பின்னர் நெடுங்காலம் நான் அந்நூலைத் திறக்கவில்லை. என் பேத்திக்கும் அதே விடையைக் கூறினால் அவளும் திறக்கமாட்டாள். ஆகவே, "பொறு அம்மா, இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அப்படிப் போட்டுப் பார்த்த கணக்கே இன்றைய என் உரை.

முதலில், இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். இரண்டை இரண்டால் பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். நான்கை அதே நான்கால் பெருக்கினால் 16, இரண்டாம் வர்க்கம். 256 மூன்றாம் வர்க்கம். 65536 நான்காம் வர்க்கம். 4294967296 ஐந்தாம் வர்க்கம். 18446744073709551616 ஆறாம் வர்க்கம். இவற்றுள் ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கி வருவதே நம் இருபத்தொன்பது இலக்க எண்.

இவ்வர்க்கங்களுக்கு நம் பிராகிருத நூல்கள் பெயரிட்டு வழங்கியுள்ளன. 65536 என்பது பண்ணட்டி. பண்ணட்டி என்றால் அறுபத்தைந்து. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே பெயராயின. 4294967296 என்பது பாதாலம். நாற்பத்திரண்டு என்பது பொருள். நம் தமிழில் உள்ள பாதாளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆறாம் வர்க்கத்துக்கு ஏகட்டி என்று பெயர். அதன் தொடக்க இலக்கங்களாகிய ஒன்றும் எட்டும் அப்பெயரில் உள்ளன. நீண்ட எண்களை நினைவில் இருத்தும் நல்ல உபாயம் இது.

பாதாலத்தைக் கண்டதும் என் பேத்தி வியந்தாள். இணையத்தின் பழைய முகவரி முறையில் அமையக்கூடிய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை இதே 4294967296தான் என்றாள். அவை போதாமற்போனதால் வந்த புதிய முறையில் முகவரிகளின் எண்ணிக்கை, நம் நூல்கள் கூறும் ஏழாம் வர்க்கமாம். இதனால் நம் முன்னோர் கணினியைக் கண்டுபிடித்தனர் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பொய். இரண்டை அடிப்படையாகக் கொண்டு எண்ணத் தொடங்கும் எவரும், எந்தக் காலத்தவராயினும், இதே படிகளின் வழியாகவே ஏறவேண்டும் என்பதுதான் உண்மை.

இரண்டை இரட்டித்துக்கொண்டே சென்று இந்த எண்ணை அடைய வேண்டுமானால் தொண்ணூற்றைந்து முறை இரட்டிக்க வேண்டும். வர்க்க வழியிலோ ஆறு வர்க்கங்களும் ஒரு பெருக்கலும் ஆக ஏழு பெருக்கல்களே போதும். பனையோலையில் எழுதிக் கணக்கிட்டவர்களுக்கு இந்தச் சிக்கனம் எத்துணை பெரிய உதவி!

அடுத்து, இந்த எண்ணின் இயல்பைப் பார்ப்போம். இது ஒரு பகு எண். ஆயினும் இதனைப் பகுக்கும் பகா எண் இரண்டு ஒன்றே. மூன்றாலோ, ஐந்தாலோ, ஏழாலோ இதனை மீதியின்றி வகுக்க இயலாது. இதற்குரிய வகுத்திகள் 1, 2, 4, 8 எனத் தொடங்கி இவ்வெண் வரை மொத்தம் 97. கடைசி வகுத்தியாகிய இவ்வெண்ணை விடுத்து மற்றத் தொண்ணூற்றாறையும் கூட்டினால் என்ன வரும்? இந்த எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவாக வரும். தன் வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமான எண்ணை நிறைவெண் என்பர். 6 அத்தகையது, 28 அத்தகையது. நம் எண் அந்த நிறைவுக்கு ஒன்றே ஒன்று குறைகிறது.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று வருமோ, அந்த எண்ணிக்கைக்கு அர்த்தச்சேதம் என்று நம் நூல்கள் பெயரிட்டுள்ளன. பாதாலத்தின் அர்த்தச்சேதம் 32. ஏகட்டியின் அர்த்தச்சேதம் 64. இரண்டையும் பெருக்கினால் அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும்: 32, 64, ஆக 96. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் இந்த விதி, ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரசேனாசாரியர் எழுதிய தவளா உரையில் உள்ளது. இன்று பள்ளியில் நாம் மடக்கை என்று கற்பிப்பதன் கருத்து இதுவே. ஐரோப்பாவில் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்ட ஆண்டு 1614. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: இன்றைய உலக மக்கள் தொகையை 33 முறை பாதியாக்கினால் ஒன்றுக்கும் கீழே சென்றுவிடும். நம் எண்ணுக்கோ 96 முறை வேண்டும்.

இனி, இத்துணை நீண்ட எண்ணை நேமிசந்திரர் பிழையின்றி எவ்வாறு காத்தார்? எழுத்துக்களால் காத்தார். ககரம் முதலிய ஒன்பது எழுத்துக்கள் 1 முதல் 9 வரை; டகரம் முதலியவை மீண்டும் அவ்வாறே; பகர வரிசை 1 முதல் 5 வரை; யகரம் முதலியவை 1 முதல் 8 வரை; நகரம் சுழியம். இந்த முறையில் ஒரு காதையினுள் 29 எழுத்துக்களைக் கோத்து வைத்தார். தகரத்தில் தொடங்குகிறது; அது 6. ஸகரத்தில் முடிகிறது, அது 7. வலமிருந்து இடமாக இலக்கங்களை எழுதிச் சென்றால் நம் எண் கிடைக்கும். நான்காம் எழுத்து நகரம். எண்ணின் வலப்புறமிருந்து நான்காம் இடத்தில், இந்த எண் முழுவதிலும் உள்ள ஒரே சுழியத்தை நீங்கள் காணலாம்.

இங்கே தமிழ்ச் சமணர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ் எழுத்தில் ஒரே ககரம் நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. அந்தக் காதையைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதினால், ககரம் 1ஆ, 2ஆ, 3ஆ, 4ஆ என்று அறிய வழியில்லை. தகரம் 6 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். எழுத்து மயங்கினால் எண் அழியும். நம் முன்னோர் பிராகிருத, வடமொழி நூல்களைக் கிரந்த எழுத்தில் எழுதி வைத்ததன் பயன் இங்கே விளங்குகிறது. நம் வீட்டுப் பரண்களில் கிரந்த ஓலைச்சுவடிகள் இன்னும் இருக்குமானால், அவற்றைப் படிக்கத் தெரியாது என்பதற்காக ஆற்றில் விட்டுவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

எண் சரியாக நம்மிடம் வந்து சேர்ந்ததா என்று அறிய, ஏழு பெருக்கல்களையும் மீண்டும் செய்வதே முழுச் சோதனை. அதற்கு முன் எளிய சோதனைகள் இரண்டு உண்டு. இரண்டை ஆறுமுறை எடுத்துப் பெருக்கினால் 64; அதனை ஒன்பதால் வகுத்தால் மீதி 1. தொண்ணூற்றாறு என்பது பதினாறு ஆறுகள். ஆகவே நம் எண்ணை ஒன்பதால் வகுத்தாலும் மீதி 1 வரவேண்டும். இலக்கங்களைக் கூட்டுங்கள்: 127. அவற்றையும் கூட்டினால் 10; மீண்டும் கூட்டினால் 1. சரி.

ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இச்சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்குப் பதினொன்றின் சோதனை. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் ஒரு தொகை 79, மற்றது 48. வேறுபாடு 31, பதினொன்றால் வகுத்தால் மீதி 9. இரண்டின் அடுக்குகளைப் பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிகள் பத்துக்கு ஒருமுறை சுழன்று வருவன. எனவே தொண்ணூற்றாறாம் அடுக்கின் மீதியும் ஆறாம் அடுக்காகிய 64இன் மீதியும் ஒன்றே. அதுவும் 9. ஆயிரம் ஆண்டுகள் ஓலையிலும் தாளிலும் கைமாறி வந்த எண் இரு சோதனைகளிலும் தேறி நிற்கிறது. பின்னர் ஏழு பெருக்கல்களையும் நாங்கள் செய்து முடித்தோம். ஓர் இலக்கமும் மாறவில்லை. அன்று என் பேத்தியின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை என்னால் மறக்க இயலாது.

ஆயினும் அவள் தன் கேள்வியை விடவில்லை. "எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறது தாத்தா. ஆனால் அத்தனை பேர் எங்கே நிற்பார்கள்?" இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை அவள் உணர்ந்திருந்தாள். ஓர் எண் பிழையின்றி வந்து சேர்வது வேறு. அது குறிக்கும் பொருளுக்குப் பொருந்துவது வேறு.

அன்பர்களே, இக்கேள்வியை முதலில் கேட்டவள் என் பேத்தி அல்லள், நானும் அல்லேன். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வீரசேனாசாரியர் இதனைக் கேட்டிருக்கிறார்.

தரசேனாசாரியரிடம் கற்ற புஷ்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமத்தை ஆக்கினர். அவருள் பூதபலி முனிவர் தமிழ்நாட்டுக்கு வந்தார் என்பது மரபு. அந்த ஆகமத்தின் சூத்திரம், மனிதர் தொகைக்கு எல்லை கூறுகிறது: கோடியை மும்முறை எடுத்துப் பெருக்கிய தொகைக்கு மேல், நான்முறை எடுத்துப் பெருக்கிய தொகைக்குக் கீழ், ஆறாம் வர்க்கத்துக்கு மேல், ஏழாம் வர்க்கத்துக்குக் கீழ். அதன் உரையே தவளா.

இப்பொழுது நம் எண்ணைக் கோடி கோடியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள்: 7 9228162 5142643 3759354 3950336. கோடியை நான்முறை பெருக்கினால் 1ஐ அடுத்து 28 சுழியங்கள். அதற்கும் இருபத்தொன்பது இலக்கங்களே. இலக்கங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். முதல் இலக்கத்தைப் பாருங்கள். அங்கே 1, இங்கே 7. நம் எண் சூத்திரம் வகுத்த எல்லையை ஏழு மடங்குக்கும் மேலாகத் தாண்டி நிற்கிறது. வர்க்க எல்லைக்குள் அடங்குகிறது. கோடி எல்லைக்குள் அடங்கவில்லை.

வீரசேனர் இதனை அறிந்திருந்தார். அத்தோடு நிற்காமல், மனிதர் வாழும் நிலப்பரப்பைக் கணக்கிட்டு, இத்தனை பேர் அதில் அடங்கார் என்று காட்டி, அந்த எண்ணை மறுத்தார். தவளா அச்சேறிய காலத்தில் அதன் கணிதத்தை ஆராய்ந்த இலக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அவதேச நாராயண் சிங் இதனைச் சிறப்பாக எடுத்துக் காட்டியுள்ளார்.

நாமும் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். மனிதர் வாழும் இரண்டரைத் தீவின் விட்டம் 45 லட்சம் யோசனை. அதன் பரப்பு ஏறத்தாழ 16 லட்சம் கோடி சதுர யோசனை. நம் எண்ணை இதனால் வகுத்தால் ஒரு சதுர யோசனைக்கு ஏறத்தாழ 49 கோடி கோடிப் பேர் வருகின்றனர். யோசனையை எட்டு மைல் என்று கொண்டால், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் நிற்க வேண்டும். தீவுகளையும் கடல்களையும் அளக்கும் பெரிய யோசனை இதனைப் போல் ஐந்நூறு மடங்கு என்று கொண்டாலும், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 120 பேர். கடலையும் மலையையும் நிலமாகவே கணக்கிட்ட பின்னும் இவ்வாறு! என் பேத்தியின் கேள்வி அப்படியே வீரசேனரின் கேள்வி.

இந்த இடத்தில் நான் பதினாறு வயதில் கேட்ட விடையை மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். ஐயமின்மை என்பது கேளாமை என்றால், ஆகமத்துக்கே உரை கண்ட வீரசேனாசாரியரை எந்த இடத்தில் வைப்பது? அவர் அருகனையோ அறத்தையோ ஐயுறவில்லை. ஓர் எண்ணை எடுத்து, அளந்து, பொருந்துமா என்று பார்த்தார். ஐயம் என்பது கால் ஊன்றாமல் அலைவது. ஆராய்ச்சி என்பது கால் ஊன்றுவதற்கு இடம் தேடுவது. இரண்டும் ஒன்றல்ல.

மற்றொன்றையும் கூறவேண்டும். வீரசேனருக்குப் பின் வந்த நேமிசந்திரர், முன் மறுக்கப்பட்ட அதே எண்ணைத் தம் நூலில் வைத்தார். தமக்குக் கிடைத்த வழிவழிச் செய்தியை எழுத்துப் பிசகாமல் காப்பதைத் தம் கடமையாக அவர் கொண்டார் என்றே நான் கருதுகிறேன். ஒருவர் சோதித்தார், ஒருவர் காத்தார். காத்தவர் இல்லையேல் நமக்குச் சோதிக்க எண்ணே இராது. சோதித்தவர் இல்லையேல் எண்ணை எவ்வாறு அணுகுவது என்று நமக்குத் தெரிந்திராது. இரு நூல்களையும் நம் மரபு ஒருங்கே போற்றி வருகிறது. ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்கவில்லை.

பெரியோர் கூற்றைக் கணக்கிட்டுப் பார்ப்பது பிற நாட்டாரிடமும் உண்டு. நம் பாதாலத்துக்கு அடுத்த எண் 4294967297. அது பகா எண் என்று பிரான்சு நாட்டுப் பேரறிஞர் ஃபெர்மா கருதினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், 1732இல், ஆய்லர் அதனை 641ஆல் வகுத்துக் காட்டினார். அதனால் ஃபெர்மாவின் புகழ் குன்றவில்லை. அதே 641, நம் இருபத்தொன்பது இலக்க எண்ணுக்கு அடுத்த எண்ணையும் மீதியின்றி வகுக்கும். ஐயமிருப்பின் வகுத்துப் பாருங்கள்!

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் பாடசாலைகளில் பிள்ளைகள் தோத்திரங்களை மனப்பாடம் செய்கிறார்கள், நன்று. அவர்களிடம் ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, இரண்டில் தொடங்கி ஏழு பெருக்கல்களைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் போதும். அந்த எண்ணைத் தன் கையால் அடைந்த பிள்ளை, நேமிசந்திரரின் பெயரை மறக்காது. பின்னர் அது நிமிர்ந்து, "இத்தனை பேர் எங்கே நிற்பார்கள்?" என்று கேட்டால், வாயை மூடாதீர்கள். "இதையே வீரசேனரும் கேட்டார், உட்கார், சொல்கிறேன்" என்று கூறுங்கள். நற்காட்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் நடுவே நன்ஞானத்தை வைத்த மரபு நம்முடையது.

என் பேத்தி இப்பொழுது கிரந்த எழுத்துப் பயின்று வருகிறாள். அந்தக் காதையின் 29 எழுத்துக்களையும் மூல வடிவில் தானே படித்து எண்ணாக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். சென்ற வாரம் பதினோராம் எழுத்து வரை வந்துவிட்டாள். இன்னும் பதினெட்டு.